பெருவிழுங்கியும் இதயத் துடிப்பும்: கலைச்சொல் நோக்கில் ஒரு விளக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே அமைந்த ஊர் திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு, 15 நோயாளர் தங்குதற்கேற்ற ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையைக் குறிப்பிடுகின்றது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் மகளிர் இருவர், நாவிதர் ஒருவர் என அங்குப் பணிபுரிந்தோரை அவரவர் தொழில் விளங்க அக்கல்வெட்டு சுட்டுகின்றது. தொழிலறிந்து பெயரிடும் இம்முறை கலைச்சொல் ஆக்குவார்க்கு நல்லதொரு வழிகாட்டியாகும். தொழிலின் ஒரு கூற்றை மட்டும் அறிந்து இட்ட பெயர் பின்னர் எவ்வாறு குறைபடும் என்பதற்கு, இதயத் துடிப்புப் பிறழ்ச்சி பற்றிய இற்றைநாள் ஆராய்ச்சி தக்க சான்று. அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இதயத்தின் வலமேலறையிலுள்ள சிறு கணு ஒன்றில் மின்துடிப்புப் பிறக்கின்றது. அஃது இரு மேலறைகளிலும் பரவி, அவற்றிற்கும் கீழறைகளுக்கும் இடைப்பட்ட மற்றொரு கணுவை அடைந்து, சற்றே தாழ்த்துப் பின் கீழறைகளுக்குச் செல்கின்றது. அமைதியாக இருக்கும் முதியோர்க்கு இது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை ஒழுங்காக நிகழும். இடைக்கணுவில் துடிப்பு தடைப்படுதல் ஒருவகைப் பிறழ்ச்சி. மேலறைகள் நிமிடத்திற்கு 300க்கு மேற்பட்ட முறை ஒழுங்கின்றித் துடித்து நடுங்குதல் மற்றொரு வகை. இதனை மேலறை நடுக்கம் என்போம். நடுங்கும் அறையில் குருதி தேங்கி உறையும். அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று அடைப்பின் பக்கவாதம் நேரும்.

இனி, நோயெதிர் அணுக்களைக் காண்போம். 1882ஆம் ஆண்டில் மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர், விண்மீன்வடிவக் கடலுயிரின் இளவுயிரியில் முள்ளொன்றைக் குத்தினார். அணுக்கள் சில அதனைச் சூழ்ந்து விழுங்க முயலக் கண்டார். இவ்வாராய்ச்சி வழியே ‘மாக்ரோஃபேஜ்’ என்னும் கிரேக்க வழிப் பெயர் தோன்றிற்று. பெருந்தின்னி என்பது அதன் பொருள். தமிழில் பெருவிழுங்கி என வழங்குகின்றோம். இப்பெயர் கேட்ட மாணவர், இவ்வணுவின் தொழில் விழுங்குதல் ஒன்றே எனக் கொள்வது இயல்பு.

ஆயின், 2017இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர ஆய்வாளர் வேறொன்று கண்டனர். இதயத்தின் இடைக்கணுவில் பெருவிழுங்கிகள் மிகுதியாக உறைகின்றன. ‘கொனெக்சின் 43’ என்னும் புரதத்தாலாகிய நுண்வாயில்கள் வழியே அவை தசையணுக்களோடு இணைந்து, மின்துடிப்பு கடந்து செல்லத் துணைபுரிகின்றன. எலிகளின் உடலினின்று அவற்றை நீக்கியபோது இடைக்கணுவில் துடிப்பு தடைப்பட்டது. எனவே, பகையை விழுங்கும் அணுவே துடிப்பைக் கடத்தும் அணுவுமாகும் என்பது பெறப்பட்டது.

நலத்திற்குத் துணையாகும் இவ்வணு கேட்டிற்கும் காரணமாதல் உண்டு. மேலறை நடுக்கமுடையாரின் இதயத் திசுவையும் எலிகளையும் ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு அதனைக் காட்டிற்று. குருதியினின்று புதியனவாக வந்து மேலறையிற் குடியேறும் பெருவிழுங்கிகள், ஆஸ்டியோபான்டின் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் நார்த்திசு பெருகி, மின்துடிப்பின் வழி சிதறுகின்றது. அழல் என்னும் அடியிற் பிறந்த அழற்சி என்னும் சொல் இந்நிலைக்கு மிகப் பொருந்தும்.

நம் நாட்டில் இதன் தெளிந்த வடிவம் வாதக்காய்ச்சலாகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுடைய சிறுவர்க்கு ஸ்டிரெப்டோகாக்கசு என்னும் கிருமியால் தொண்டைநோய் வந்து, சில வாரங்கள் கழிந்தபின் இக்காய்ச்சல் தோன்றும். கிருமியின் புரதமும் இதயத்தின் புரதமும் ஒப்புமையுடையனவாதலின், கிருமிக்கென எழுந்த எதிர்ப்பு இதயத்தையும் தாக்குகின்றது. அப்போது இடைக்கணுவில் துடிப்பு தாழ்த்துச் செல்லுதலும் காணப்படும். பல ஆண்டுகளின் பின், சுருங்கிய வால்வினால் இடமேலறை விரிந்து நடுக்கம் எய்தும். இளமையிலேயே பக்கவாதம் நேர்தற்கு இஃது ஒரு காரணமாகின்றது.

அங்ஙனமாயின், அழற்சியை அடக்கிவிடின் போதாதோ எனின், போதாது என்க. அழற்சியடக்கும் மருந்துகள் வாதக்காய்ச்சலின் மூட்டுவலியைத் தணிப்பினும், வால்வுக் கேட்டைத் தடுக்கும் என நிறுவப்படவில்லை. தொண்டைநோயை உடன் தீர்த்தலும், ஒருமுறை காய்ச்சல் கண்டவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி இடையறாது இடுதலுமே காப்பாகும்.

மற்றொரு சான்றும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்னும் பொருள் உளது. செடியை நேரே உண்பது உயிர்க்கு இறுதியாம். பிரித்தெடுத்து அளவறிந்து தரின் மருந்தாம். வெள்ளணுக்களின் இயக்கத்தை இது தடுக்கின்றது. மார்பறையில் இதயமல்லா உறுப்புகளில் அறுவை செய்துகொண்டோர் 3,000க்கு மேற்பட்டோரிடம் இதனை ஆய்ந்து 2023இல் முடிவு வெளியிட்டனர். மேலறை நடுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இவற்றால் அறியப்படுவது யாது? நோயெதிர் அணுக்களைப் ‘போர்ப்படை’ என்றும், அழற்சியைப் ‘பகை’ என்றும் மட்டும் பாடநூல்களில் எழுதிச் செல்வோமாயின், அவற்றை ஒடுக்குதலே மருத்துவம் எனக் கற்பார் மயங்குவர். ஊசியை இடையில் நிறுத்துதற்கும் அம்மயக்கம் ஏதுவாகும். பெருவிழுங்கி என்னும் சொல் வேரூன்றிவிட்டமையின் அதனை மாற்றவேண்டுவதில்லை. முதன்முறை வழங்குமிடத்தே, விழுங்குதல், திசுவைப் பேணுதல், துடிப்பைக் கடத்துதல் என அதன் தொழில்களையும் உடன் கூறுதல் வேண்டும். திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் அறுவை செய்வார் ஒருவரே. மருந்து அட்டும் பேணியும் நின்றோர் அவரினும் பலர். அவரனைவரையும் கல்வெட்டு விடாது குறித்துள்ளது. அந்நிறைவு நம் கலைச்சொல் விளக்கங்களிலும் அமைதல் வேண்டும்.