திரவத்தில் திண்மத் துகள்கள்: கலக்கும் வேகமும் மின்செலவும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தின் சுற்றுப்புறங்களில் மாந்தோப்புகள் மிகுதி. பூக்கும் பருவத்தில் சாம்பல் நோயைத் தடுக்க, லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் நனையும் கந்தகத் தூளைக் கலந்து தெளிக்குமாறு விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கந்தகம் நீரில் கரைவதில்லை. அதன் நுண்துகள்கள் நீரில் பரவி நிற்கின்றன. கலக்குவதை நிறுத்தினால் அவை அடியில் படியத் தொடங்குகின்றன. அப்போது சில மரங்களுக்கு மருந்து மிகையாகவும், சிலவற்றுக்குக் குறைவாகவும் சேர்கிறது. மிகையானால் தளிர் கருகும். குறைந்தால் நோய் நீங்காது.

சாயம், உரம், தாதுப்பொருள் ஆகிய தொழில்களிலும் இதே சிக்கல் உண்டு. துகள் படியும் வேகத்தை 1851இல் அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஸ்டோக்ஸ் கணித்தார். அவர் விதிப்படி நுண்துகளின் விட்டம் பாதியானால், அது படியும் வேகம் நான்கில் ஒரு பங்காகிறது. மருந்தை நுண்ணியதாக அரைப்பதன் பயன் இதுவே.

ஆயினும் தொழிற்சாலைத் தொட்டியில் துகள்கள் படியாதிருக்கக் கலக்கியை எவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும் என்ற வினாவுக்கு விடை காண மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நெதர்லாந்து ஆய்வாளர் சுவீட்டரிங் 1958இல் ஓர் எளிய அளவுகோலை வகுத்தார். எந்தத் துகளும் அடித்தளத்தில் ஓரிரு விநாடிக்கு மேல் தங்காத நிலையே போதுமான வேகம் என்பது அது. அவருடைய சூத்திரத்தின்படி துகளின் விட்டம் இரு மடங்கானாலும், தேவையான வேகம் ஏறத்தாழ 15 சதவீதமே உயர்கிறது.

பொருளாதார நோக்கில் இவ்வெல்லையை அறிவது இன்றியமையாதது. நீர் போன்ற திரவம் கொந்தளித்துச் சுழலும் தொட்டியில், கலக்கியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப உயர்கிறது. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் மின்தேவை 73 சதவீதம் அதிகரிக்கும். துகள்கள் முன்னரே எழும்பி நிற்கும்போது இக்கூடுதல் செலவு பெரும்பாலும் வீணே.

இத்துறையில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. 1933இல் தொடங்கப்பட்ட மும்பைப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறை, 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அங்கு பேராசிரியர் ஜே. பி. ஜோஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1.5 மீட்டர் விட்டம் வரையுள்ள தொட்டிகளில் சோதனைகள் நடத்தி, 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். நீரைக் கீழ்நோக்கித் தள்ளும் சாய்ந்த இதழ்க் கலக்கி, பக்கவாட்டில் வீசும் வட்டத்தகடு வகையைவிடக் குறைந்த மின்சாரத்தில் துகள்களை எழுப்புவதை அவர்கள் கண்டனர். பக்கவாட்டு ஓட்டம் சுவரில் மோதித் திரும்பி அடித்தளத்தை அடைவதற்குள் ஆற்றலின் ஒரு பகுதியை இழக்கிறது. கீழ்நோக்கிய ஓட்டமோ நேரே அடித்தளத்தை அடைகிறது.

எனினும் நீருக்குரிய விதியை எல்லாத் திரவங்களுக்கும் பொருத்தலாகாது. சித்தூர்ப் பகுதி ஆலைகளில் தயாராகும் மாம்பழக்கூழ் போன்ற கெட்டியான பொருள்களுக்குத் தனிச்சோதனை தேவை.

சிறுதொழில்களுக்குக் கடனுதவி வழங்கும்போது மோட்டாரின் திறனை மட்டுமன்றி, கலக்கியின் வடிவையும் வேகத்தையும் ஆராய்வது நன்று. தோப்பில் செய்ய வேண்டியதோ இன்னும் எளிது: தூளை முதலில் சிறிது நீரில் குழைத்து, பின்னர் முழு நீரில் கலந்து, தெளித்து முடியும்வரை கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.