மூடியைக் கழற்றினால்... கீசருக்குள் இத்தனை கூத்தா!

குளியலறைச் சுவரில் வெள்ளை வெளேரென்று சாதுவாகத் தொங்குகிறதே கீசர், அதன் அடிமூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்! சென்னை வேளச்சேரிப் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை அங்கே சீசன். வாசலிலேயே 15 லிட்டரும் 25 லிட்டருமாகக் கீசர்கள் கவிழ்ந்து கிடக்க, நடுவில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக்.

“தள்ளி நில்லுங்க மேடம், கொட்டும்” என்றார். நட்டுகளைக் கழற்றி அடித்தட்டை இழுத்தார் பாருங்கள், கொட்டோ கொட்டென்று கொட்டியது! பழுப்புத் தண்ணீர், அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள், கட்டிகள், மாவு மாதிரிச் சேறு. ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுத்தமான கல்! “போர் தண்ணி மேடம். உப்பு பிடிச்சிருக்கு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் இது நாம் சாப்பிடும் உப்பு அல்ல. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். நாம் பாட்டுக்கு வெந்நீர் போடுகிறோம், மேலே ஒரு தொட்டி சத்தமில்லாமல் பாறை வளர்த்துக்கொண்டிருக்கிறது!

சத்தமில்லாமல் என்றா சொன்னேன்? சத்தம் வரும். படிவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நீர் கொதித்துக் குமிழியாக வெடிக்கும்போது, வாணலியில் அரிசி பொரிவது போல ஒரு படபடப்பு கேட்கும். உங்கள் கீசர் அப்படிப் பேச ஆரம்பித்திருந்தால் அது சர்வீஸுக்குக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது காயில். வெட்டுப்பட்ட பழைய காயில் ஒன்றை எடுத்துக் காட்டினார், எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வெளியே செம்பு அல்லது எஃகுக் குழாய். நடுவில் மெல்லிய நிக்ரோம் கம்பிச் சுருள். இரண்டுக்கும் இடையில் இறுக அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. இந்தப் பொடி சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது! இந்த ஒரு குணத்தை நம்பித்தான் தண்ணீருக்குள் கரண்டை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகக் குளிக்கிறோம். படிவு தடித்தால் காயிலின் சூடு சுலபமாக வெளியேறாது. குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து விரிசல் விடும், நீர் உள்ளே போகும், கரண்ட் கசியும். கரண்ட் பில்லைவிடப் பலமாக அடி வாங்குவது காயில்தான்.

அது செத்துவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்தார். திரையில் 26 சொச்சம். அடடா, பள்ளிக்கூடத்து ஓம் விதி கண் முன்னால் வந்து நிற்கிறது! 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் காயிலுக்குக் கணக்குப்படி வரவேண்டிய மின்தடையும் அதே 26 ஓம்தான். எண்ணே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. “காயில் போயிடுச்சு” என்று யாராவது சொன்னால், “மீட்டர் வைத்துக் காட்டுங்க அண்ணா” என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

சில வீடுகளில் கோளாறு கீசரிலேயே இருக்காது. 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். தொடர்பு தளர்ந்திருந்தால் பிளக் டாப் கருகி உருகிவிடும். அப்படி உருகியவை கடையில் ஒரு டப்பா நிறைய இருந்தன. புது கீசருக்குக் காசு எடுத்து வைத்தவர்கள் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டு போன கதைகளை அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இனிதான் நாயகன் வருகிறான்! காயிலுக்குப் பக்கத்தில், அதே தட்டில், விரல் தடிமனில் சாம்பல் நிறக் கம்பி ஒன்று: மெக்னீசியம் ராட், கடைக்காரர்கள் ஆனோடு என்பார்கள். தண்ணீரைச் சுட வைப்பதில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. இதன் ஒரே வேலை கரைந்து போவது! பெரும்பாலான கீசர்களில் உள்தொட்டி கண்ணாடிப் பூச்சு கொடுத்த இரும்பு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும், அங்கே நீர் இரும்பை அரிக்கப் பார்க்கும். இரும்பைவிட மெக்னீசியம் சுலபமாக எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் உலோகம் என்பதால், அரிப்பு முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றுகிறது. இந்த உத்திக்கு வயது இருநூறு! 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினால் செம்பு அரிக்காது என்று காட்டினார். செம்பு பிழைத்தது. ஆனால் அதுவரை செம்பு கரைந்ததால் ஒட்ட முடியாமல் இருந்த கடல் உயிரிகள் அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கீசருக்கு அந்தத் தொல்லை கிடையாது, வேதியியலின் நன்மை மட்டும் நமக்கு!

மெக்கானிக் புது ராடையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் மெக்னீசியமே இல்லை. நடுவில் இருந்த எஃகுக் கம்பி மட்டும் எலும்பாக நின்றது. அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு மாதமும் தொட்டிதான் கரைகிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பிராண்டுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும் என்றாலும், வீட்டுக்கு வந்து பார்க்கச் சில நூறு ரூபாய், ராடுக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும் அதேபோலச் சில நூறு, காயிலுக்கு ஆயிரத்தை ஒட்டி, கழுவிப் படிவு எடுப்பதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அடித்தட்டில் நீர் கசியாமல் அடைக்கும் காஸ்கெட்டை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றிவிடுவது நல்லது. இவை எல்லாம் செய்யத் தகுந்த செலவுகள். தொட்டியே ஓட்டையாகிவிட்டால் மட்டும் ஒரு பைசா போடாதீர்கள். கண்ணாடிப் பூச்சின் மேல் வெல்டிங் நிற்காது, புதிதுதான் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வாரன்டி அட்டையைத் தேடுங்கள். தொட்டிக்கு மட்டும் தனியாக ஐந்து வருடத்துக்கு மேல் வாரன்டி தரும் கம்பெனிகள் பல உண்டு.

ஆனால் சொட்டுவதெல்லாம் ஓட்டை இல்லை! இதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வருகிறது. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீர் ஏறக்குறைய 1.4 சதவீதம் விரிகிறது. 15 லிட்டர் கீசரில் அது 200 மில்லி, ஒரு டம்ளர்! திரும்பிப் போக வழியில்லாத அந்த நீர் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டுகிறது. காயும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. நாள் முழுக்க ஒழுகினால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வால்வை அடைத்துவிட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் என் குதூகலம் நின்றது. சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று, அதை எடுத்துவிட்டு ‘டைரக்ட்’ கொடுத்திருந்த ஒரு கீசரை அவர் காட்டினார். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, வால்வும் அடைத்திருந்தால் அந்தத் தொட்டி வெடிக்கும். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த ஐப்பசியில் மெக்கானிக் வந்தால், மெயினை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். குழந்தைகளையும் கூப்பிடுங்கள், இதைவிட நல்ல அறிவியல் வகுப்பு வீட்டில் நடக்காது. மெக்னீசியம் ராடைக் கையில் வாங்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். போர் தண்ணீர் வீடு என்றால் வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.