காணொளிக் கோப்புகள் இணையும் விதம்

ஒரு நிகழ்ச்சியை ஒரே கேமராவில் இடைவிடாமல் பதிவு செய்திருந்தாலும், நினைவட்டையைக் கணினியில் செருகிப் பார்க்கும்போது அப்பதிவு பெரும்பாலும் பல துண்டுகளாகவே கிடைக்கிறது. இது கேமராவின் கோளாறன்று. 32 ஜிகாபைட்டு வரையிலான நினைவட்டைகளில் வழங்கும் ஃபேட்32 என்னும் கோப்பமைப்பின் வரம்பே இதற்குக் காரணம். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்போடு வெளிவந்த இந்த அமைப்பு, ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட்டு நீளமுள்ள ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. அவ்விடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295 என்பதால், அத்தனை பைட்டுகளை, அதாவது ஏறத்தாழ 4 ஜிகாபைட்டைத் தாண்டி எந்தக் கோப்பும் வளர முடியாது. எல்லையை நெருங்கியதும் கேமரா ஒரு கோப்பை மூடிவிட்டு, ஒரு சட்டகத்தையும் இழக்காமல் அடுத்த கோப்பைத் திறந்து பதிவைத் தொடர்கிறது. 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் கொள்ளளவு உள்ள அட்டைகள் பின்பற்றும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் இந்த வரம்பு இல்லையென்றாலும், பல கேமராக்கள் பழைய வழக்கத்தையே இன்னும் கைவிடவில்லை.

இத்துண்டுகளை ஒன்றாக்க இரண்டு வழிகள் உள்ளன. கோப்புகளில் உள்ள தரவை மாற்றாமல் அப்படியே நகலெடுத்து வரிசையாக அடுக்குவது ஒரு வழி. எல்லாவற்றையும் பிரித்து, படங்களாக விரித்து, மீண்டும் சுருக்கி எழுதுவது மற்றொரு வழி. முன்னது சில நிமிடங்களில் முடியும், தரம் சிறிதும் குறையாது. பின்னது சில மணி நேரம் பிடிக்கலாம், தரமும் ஓரளவு குறையும். சந்தையில் உள்ள எளிய மென்பொருள்கள் பல, இவ்விரண்டில் எதைச் செய்கின்றன என்பதைச் சொல்லாமலே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எந்தத் துண்டுக்கு எந்த வழி பொருந்தும் என்பது காணொளிக் கோப்பின் உள்ளமைப்பை அறிந்தால்தான் விளங்கும்.

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு படச் சட்டகத்தைச் சுருக்காமல் வைத்தால், வழக்கமான நிறப் பதிவு முறையில் அதற்கு ஏறத்தாழ 31 லட்சம் பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 சட்டகங்கள் என்று கொண்டால் ஒரு மணி நேரப் பதிவு 280 ஜிகாபைட்டை எட்டிவிடும். இதைச் சில ஜிகாபைட்டுகளுக்குள் அடக்கும் கணக்கீட்டு முறையே கோடெக் எனப்படுகிறது. 2003-இல் வெளிவந்து இன்றும் பரவலாகப் புழங்கும் எச்.264 என்னும் கோடெக், அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்கிறது: அவ்வப்போது ஒரு சட்டகத்தை மட்டும் முழுப்படமாகச் சேமித்து, மற்றவற்றை அதிலிருந்து எவ்வாறு மாறின என்னும் குறிப்பாக மட்டுமே எழுதுகிறது. முழுப்படமாக உள்ளதை ஆதாரச் சட்டகம் எனலாம். அதைச் சார்ந்து நிற்பவை அது இல்லாமல் பொருள் தருவதில்லை. எந்தக் கோப்பும் ஓர் ஆதாரச் சட்டகத்தில்தான் தொடங்கும் என்பதால் முழுக் கோப்புகளை இணைப்பதில் இதனால் இடையூறு இல்லை. ஆனால் இணைக்கும் முன் தொடக்கத்தில் சிறிது வெட்ட விரும்புவோர், விரும்பிய நொடியில் வெட்டாமல் அருகிலுள்ள ஆதாரச் சட்டகத்தில் வெட்ட வேண்டியிருக்கும்.

இவ்வாறு சுருக்கப்பட்ட படத் தரவும், தனியாகச் சுருக்கப்பட்ட ஒலித் தரவும் சேர்ந்து வைக்கப்படும் அமைப்பைக் கொள்கலன் என்பர். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்று கோப்புப் பெயரின் ஈற்றில் காணப்படுபவை கொள்கலனைக் குறிப்பவையே தவிர, உள்ளே இருக்கும் கோடெக்கைக் குறிப்பவை அல்ல. இரண்டு கோப்புகளும் எம்பி4 என்று முடிவதால் அவை இணையும் என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு; ஒன்றில் எச்.264-உம் மற்றொன்றில் அதன் பின் வந்த எச்.265-உம் இருக்கக்கூடும்.

சில கொள்கலன்கள் ஒட்டுவதற்கென்றே செய்தவை போல் அமைந்திருக்கின்றன. ஒளிபரப்புக்காக உருவான எம்பெக் கடத்து ஓடை என்னும் வடிவத்தில் தரவு முழுவதும் 188 பைட்டு கொண்ட சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஒரே அடையாளப் பைட்டு இடப்படுகிறது. தொலைக்காட்சியை எந்த நேரத்தில் திறந்தாலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே இத்தகைய இரண்டு கோப்புகளை, பைட்டுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், ஒன்றன் வாலில் மற்றொன்றை வைத்தாலே பெரும்பாலும் ஓடிவிடும். தமிழ்நாட்டில் ஒரு திரைப்படம் இரண்டு அல்லது மூன்று விசிடி தட்டுகளில் வந்த காலத்தில், அத்தட்டுகளிலிருந்து எடுத்த எம்பெக்-1 கோப்புகளை விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் வெறும் நகலெடுப்புக் கட்டளை ஒன்றாலேயே ஒட்டிவிட முடிந்ததற்கும் இதுபோன்ற அமைப்பே காரணம். கைக்கேமராக்களின் எம்டிஎஸ் கோப்புகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஒரே பதிவின் துண்டுகளான அவற்றைத் தனித்தனியே வேறு வடிவத்துக்கு மாற்றிய பின் இணைத்தால் ஒட்டில் ஒலி ஒரு கணம் அறுபடலாம் என்பதால், முதலில் இணைத்துவிட்டுப் பிறகு மாற்றுவதே சரியான வரிசை.

எம்பி4 இவ்வாறு இணங்குவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டைம் கோப்பு வடிவத்திலிருந்து பிறந்த இக்கொள்கலனில், படமும் ஒலியும் ஒரு பெரிய பெட்டியில் குவிந்து கிடக்க, ஒவ்வொரு சட்டகமும் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்டப்பட வேண்டும் என்பன எல்லாம் வேறொரு பெட்டியில் அட்டவணையாக எழுதப்பட்டுள்ளன. இரண்டு நூல்களை ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டு முதல் நூலின் பொருளடக்கத்தை மட்டும் வைத்தால் வாசகர் இரண்டாம் நூலை எட்டவே மாட்டார் அல்லவா? வாலில் ஒட்டிய எம்பி4 கோப்பிலும் அதுவே நிகழ்கிறது: கோப்பின் அளவு கூடியிருக்கும், ஆனால் இயக்கி முதல் துண்டோடு நின்றுவிடும். எனவே எம்பி4 கோப்புகளை இணைக்கும் மென்பொருள் உண்மையில் செய்வது ஒட்டுவதன்று, அட்டவணையைப் புதிதாக எழுதுவதே. எல்லாத் துண்டுகளின் அட்டவணைகளையும் படித்து, சட்டகங்களை வரிசையாக நகலெடுத்து, இரண்டாம் துண்டின் ஒவ்வொரு நேரக் குறிப்போடும் முதல் துண்டின் நீளத்தைக் கூட்டி எழுதுகிறது. சுருக்கிய தரவைப் பிரிப்பதே இல்லை என்பதால் இதன் வேகம் வட்டின் வேகத்தை மட்டுமே பொறுத்தது. பழைய கணினியிலும் 20 ஜிகாபைட்டுப் பதிவு சில நிமிடங்களில் ஒன்றாகிவிடும்.

இந்த வழிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. கோடெக், படத்தின் அகல உயரம், ஒலியின் மாதிரி வீதம், ஒலித் தடங்களின் எண்ணிக்கை ஆகியவை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எச்.264 கோப்பில் படத்தை விரிப்பதற்கான அளவுருக்கள் வழக்கமாகத் தலைப்பகுதியில் ஒரே ஒருமுறை எழுதப்படுவதால், வேறு கேமராவின் துண்டை அதன்பின் சேர்த்தால் ஒட்டைத் தாண்டியதும் படம் கட்டங்கட்டமாகச் சிதறக்கூடும். நேரத்தை எண்ணும் அலகும் கோப்புக்குக் கோப்பு வேறுபடும். ஒன்று நொடியை 90,000 பகுதிகளாகப் பிரிக்க, மற்றொன்று 12,800 பகுதிகளாகப் பிரிக்கலாம். இதைக் கவனிக்காமல் இணைத்தால் இரண்டாம் பகுதி விரைந்தோடும் அல்லது ஊர்ந்து நகரும். இவற்றைவிட அடிக்கடி நேர்வது கைபேசிப் பதிவுகளில்தான். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல நேரங்களில் கிடைநிலையிலேயே சேமிக்கப்பட்டு, காட்டும்போது 90 பாகை திருப்புக என்னும் குறிப்பு மட்டும் தலைப்பில் இடப்படுகிறது. ஒரு படத் தடத்துக்கு ஒரு குறிப்பே இருக்க முடியும் என்பதால், நிமிர்த்தி எடுத்ததையும் படுக்கையாக எடுத்ததையும் நகல் முறையில் சேர்த்தால் இரண்டில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்.

ஒலியின் சிக்கல் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஏஏசி என்னும் பொது வழக்கான ஒலிக் கோடெக் 1024 மாதிரிகளை ஒரு கட்டாகக் கையாள்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு கட்டின் நீளம் 21.33 மில்லிநொடி. நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்திலோ ஒரு சட்டகத்தின் நீளம் 40 மில்லிநொடி. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக வகுபடாததால், படத் தடமும் ஒலித் தடமும் ஒரே கணத்தில் முடிவது அரிது. ஒலித் துண்டுகளை ஒலித் துண்டுகளோடும் படத் துண்டுகளைப் படத் துண்டுகளோடும் தனித்தனியே அடுக்கும் மென்பொருளில் இந்தச் சிறு எச்சம் ஒவ்வொரு ஒட்டிலும் சேர்ந்துகொண்டே போகிறது. ஒட்டுக்கு 20 மில்லிநொடி வீதம் 20 ஒட்டுகளில் அது 400 மில்லிநொடியாகிவிடும். ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலும் 125 மில்லிநொடி பிந்தினாலும் பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் உள்ள அளவு. எனவே நல்ல மென்பொருள் ஒவ்வொரு ஒட்டிலும் இரு தடங்களையும் மீண்டும் ஒரே புள்ளியில் தொடங்கவைத்து, இடையில் விழும் சில மில்லிநொடி இடைவெளியைப் பொறுத்துக்கொள்கிறது.

நிபந்தனைகள் பொருந்தாதபோது, பிரித்து மீண்டும் சுருக்கி எழுதும் மறுகுறியாக்கம் தவிர்க்க முடியாதது. அப்போதும் எல்லாத் துண்டுகளையும் மாற்ற வேண்டியதில்லை; பெரும்பான்மையான துண்டுகளின் அளவுருக்களுக்கு ஏற்ப, பொருந்தாத ஒன்றிரண்டை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, பிறகு அனைத்தையும் நகல் முறையில் சேர்ப்பது நேரத்தையும் தரத்தையும் ஒருங்கே காக்கும். வீட்டுப் பயனாளர்கள் பலர் இதைச் செய்யாததற்கு, விண்டோஸ் மூவி மேக்கர் போன்று எல்லாவற்றையும் மறுபடி சுருக்கியே எழுதும் தொகுப்பு மென்பொருள்களில் பழகியிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

நகல் முறைக்கான கருவிகள் பெரும்பாலும் விலையற்றவை. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இவற்றுள் முதன்மையானது. கோப்புப் பெயர்களை வரிக்கொன்றாக ஓர் உரைக் கோப்பில் எழுதி, தரவை மாற்றாமல் நகலெடுக்குமாறு கட்டளையிட்டால் போதும். கட்டளை எழுதத் தயங்குவோர்க்கு அதையே அடித்தளமாகக் கொண்ட லாஸ்லெஸ்கட்டும், எம்கேவி கொள்கலனுக்கு எம்கேவிடூல்நிக்ஸும் உள்ளன. இவற்றில் பயனாளர் கவனிக்க வேண்டியது கோப்புகளின் வரிசை. கோப்ரோ கேமராக்களின் புதிய மாதிரிகள் ஒரே பதிவின் துண்டுகளுக்கு ஜிஎச்010034, ஜிஎச்020034 என்று பெயரிடுகின்றன. நடுவிலுள்ள 01, 02 என்பவை துண்டின் எண்கள், இறுதி நான்கு இலக்கங்களே பதிவின் எண். பெயர்வாரியாக அடுக்கும் கணினியோ எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளையும் முதலில் வைத்துவிடுவதால், வரிசையைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

துண்டுகளின் மொத்த அளவுக்குச் சமமான காலியிடம் வட்டில் இருக்க வேண்டும் என்பதையும் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. இணைப்பு முடிந்ததும் ஒவ்வொரு ஒட்டுக்கும் பத்து நொடி முன்னால் இருந்து ஓடவிட்டுப் பார்த்து, கடைசித் துண்டின் இறுதி நிமிடத்தில் பேசுபவரின் உதடும் குரலும் பொருந்துகின்றனவா என்று சோதித்த பிறகே மூலத் துண்டுகளை அழிக்க வேண்டும். எச்சம் சேர்ந்துவந்த பிழையென்றால் அது மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் அந்த இறுதி நிமிடம்தான்.