கைவிடப்பட்ட பெருந்தெரு நடைபாதையாகிறது

புதிய வீதியொன்று திறக்கப்படும் நாளில் பழைய வீதியை யாரும் நினைப்பதில்லை. ஏதாவது ஒரு ஊருக்குப் போகும் துண்டு மட்டும் பாவனையில் இருக்கும். மற்றத் துண்டுகளில் புல் முளைக்கும், மதிற் கற்கள் பெயர்க்கப்படும், பாலங்கள் இடியும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒறிகன் மாநிலத்தில் இவ்வாறு கைவிடப்பட்ட பெருந்தெருவொன்றை, நடந்து செல்வோருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய பாதையாக மீட்டெடுக்கும் வேலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அது எப்படி நடக்கிறது, ஏன் இத்தனை காலம் எடுக்கிறது என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

கொலம்பியா ஆறு கஸ்கேட் மலைத்தொடரை ஊடறுத்துப் பசிபிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்லும் இடத்தில் சுமார் 80 மைல் நீளமான ஒரு பள்ளத்தாக்கு இருக்கின்றது. சில இடங்களில் அதன் ஆழம் 4,000 அடி. மேற்கு முனையில் ஈரக் காடு, கிழக்கு முனையில் வறண்ட புல்வெளி. இடையிலே பல நீர்வீழ்ச்சிகள். அவற்றுட் பேர்போன மல்ட்னோமா 620 அடி உயரமானது. ஆற்றோரத்திலிருந்த ஒடுங்கிய சமதரையைப் புகையிரதப் பாதை முன்னரே பிடித்துக்கொண்டதால், வண்டி வீதி போடவேண்டுமானால் மலைச்சரிவிலே ஏறியாக வேண்டும். 1912இல், மர வியாபாரத்தில் செல்வந்தரான சைமன் பென்சன் கொடுத்த 10,000 டொலரைக் கொண்டு, சிறைக் கைதிகளை வைத்து ஷெல்றொக் மலையடியில் ஒரு துண்டு வீதி வெட்டிப் பார்த்தார்கள். அதனால் முழு வீதி வந்துவிடவில்லை.

1913இல் வேலை முறையாக ஆரம்பித்தது. வீதிகளுக்காகவே வாழ்ந்த சட்டத்தரணி சாமுவேல் ஹில் முன்னின்று தூண்டினார். பொறியியலாளர் சாமுவேல் லங்காஸ்டர் வரைந்தார். இருவரும் 1908இல் பாரிஸில் நடந்த முதலாவது சர்வதேச வீதி மாநாட்டுக்குச் சென்று, ஐரோப்பிய மலை வீதிகளைப் பார்த்து வந்தவர்கள். சுவிற்சர்லாந்தில் ஏரிக்கு மேலே பாறையைக் குடைந்து, சாளரங்கள் வைத்த ஒரு வீதி அவர்கள் மனதில் பதிந்திருந்தது. 1915இல் மிச்சல் பொயின்ற் என்னும் இடத்தில் 390 அடி நீளச் சுரங்கப்பாதையில் ஆற்றைப் பார்த்தபடி ஐந்து சாளரங்கள் திறக்கப்பட்டன. இத்தாலியக் கற்கொத்தர்கள் மதில்களைக் கட்டினார்கள். 1916 யூன் மாதத்தில் வீதி கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. கிழக்கே த டால்ஸ் நகரம் வரையுள்ள முழு வேலையும் 1922இல் முடிந்தது.

லங்காஸ்டர் தமக்கு விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாட்டை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஏற்றம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது. அதாவது நூறு அடி முன்னே சென்றால் ஐந்து அடிக்கு மேல் உயரக்கூடாது. அக்காலக் கார்களின் இயந்திரங்கள் வலுக் குறைந்தவை. எனவே கிறவுண் பொயின்ற் என்னும் உயர்ந்த பாறைமுனையிலிருந்து கீழே இறங்க, நேரே இறங்காமல், எட்டு எழுத்துப்போல வளைந்து வளைந்து வீதியைப் போட்டார். பார்வைக்காகப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பார்வையும் உண்டு, ஆனால் கணக்குத்தான் முதல்.

இந்த வளைவுகளே பின்னர் வீதிக்கு வினையாகின. 1930களில் பொன்வில் அணைக்கட்டு கட்டப்பட்டது. கார்கள் வலுப்பெற்றன, லொறிகள் பெருத்தன. ஆற்று மட்டத்திலேயே நேரான புதிய வீதியொன்று துண்டு துண்டாக வந்தது. மிச்சல் பொயின்ற் சுரங்கம் 1953இல் மூடப்பட்டது. மோசியர் என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த இரட்டைச் சுரங்கங்கள் 1954இல் மூடப்பட்டு, கல்லும் மண்ணும் கொண்டு நிரப்பப்பட்டன. 1966இல், இன்று 84ஆம் இலக்கம் பெற்றுள்ள மாநிலங்களுக்கிடையிலான அதிவேக வீதியை அகலிப்பதற்காக, மிச்சல் பொயின்ற் சுரங்கம் பாறையோடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பழைய வீதியை மீட்கவேண்டும் என்ற எண்ணம் வெறும் ஆசையாக நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது என்பதே எமது அபிப்பிராயம். 1983இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1986 நவம்பரில் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டம் கையொப்பமானபோது, எஞ்சிய வீதித் துண்டுகளைக் காக்கவும், அவற்றைப் பாதைகளால் இணைக்கவும் அதிலேயே எழுதிவைத்தார்கள். 1987இல் மாநிலச் சட்டசபை இதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தது. ஆளுநர்கள் மாறினார்கள், வரவு செலவுத் திட்டங்கள் மாறின. கடமை மட்டும் எழுத்தில் நின்றது. அதே சட்டம் இயற்கையைக் காப்பதோடு பள்ளத்தாக்கு ஊர்களின் பொருளாதாரத்தையும் தன் நோக்கமாகக் கொண்டிருந்தமை கிராமங்களில் வேலை செய்வோர் மறக்கக்கூடாத விடயம்.

வேலையில் மூன்று விதம் உண்டு. சில துண்டுகளில் இன்றும் கார் ஓடுகிறது. அங்கே மதில்களையும் பாலங்களையும் பழுதுபார்த்தால் போதும். சில துண்டுகள் காட்டுக்குள் கிடந்தன. அவற்றைத் துப்புரவாக்கிக் கார்களுக்கு மூடிய பாதையாக்கினார்கள். மூன்றாவது வகைதான் கடினம்: அதிவேக வீதி பழைய வீதியை முற்றாக விழுங்கிவிட்ட இடங்கள். அங்கே மலைக்கும் லொறிகளுக்கும் இடையில் புதிதாக இடம் தேடவேண்டும். ரூத் றொக் என்னுமிடத்தில் வேறு வழியில்லாமல் படிக்கட்டு வைத்து, சைக்கிளை உருட்டிச் செல்லப் பக்கத்தில் ஒரு தடம் போட்டார்கள். சைக்கிள்காரர் சமாளிப்பார், சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே திரும்பத்தான் வேண்டும்.

மோசியர் இரட்டைச் சுரங்கங்கள் தோண்டி வெளியாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. மேலிருந்து உருளும் பாறைகளைத் தாங்க, சுரங்க வாயிலுக்கு வெளியே நீண்ட கூரையொன்று அமைக்கப்பட்டது. 1921 நவம்பரில் பனியில் அகப்பட்டு நாட்கணக்கில் அங்கே தங்கிய பயணிகள் இருவர் சுவரில் செதுக்கிய எழுத்துக்கள் இன்னும் இருக்கின்றன. இங்கேதான் அந்த நூற்றுக்கு ஐந்து கணக்குத் திரும்பிப் பலன் தருகிறது. வலுக் குறைந்த இயந்திரத்துக்கென அளந்த ஏற்றம் மனிதக் கால்களுக்கும் பொருந்துகிறது. லொறிக்கு உதவாது என்று தள்ளப்பட்ட அதே குணம் வயோதிபருக்கும் பிள்ளைகளுக்கும் உதவுகிறது.

மீட்ட பின்பும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. நிரப்பப்பட்டுக் கிடந்த ஒனியொன்ரா சுரங்கத்தை 2009இல் மரப்பலகை உட்சுவரோடு திரும்பக் கட்டினார்கள். 2017 செப்டெம்பரில் ஓர் இளைஞன் கொளுத்திப் போட்ட பட்டாசினால் மூண்ட காட்டுத்தீ 50,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தைப் பிடித்தபோது, அந்தப் பலகைகள் எல்லாம் சாம்பலாயின.

அதிவேக வீதியில் பறக்கும் காரோட்டி சிற்றூரில் நிற்பதில்லை. சைக்கிளில் வருபவனுக்குப் பசிக்கும், படுக்க இடம் வேண்டும். மோசியரும், மரத்தொழில் சரிந்துபோன கஸ்கேட் லொக்ஸும் இந்தப் பாதையை எதிர்பார்ப்பதற்குக் காரணம் இதுவே. எனினும் சுற்றுலா தனியே வருவதில்லை. பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்போன ஹூட் றிவரில் வீட்டு விலை ஏறி, அத்தோட்டங்களில் வேலை செய்யும் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளருக்கு வீடு கிடைப்பது சிரமமாகிவிட்டது. நீர்வீழ்ச்சிகளின் பக்கத்திலோ கார் நெரிசல் தாங்காமல், 2022 கோடையில் நேரம் குறித்த அனுமதிச்சீட்டு முறை கொண்டுவரப்பட்டது.

“வரலாற்றுப் பெருந்தெரு” என்னும்போது எவருடைய வரலாறு என்றும் கேட்கலாம். அந்த ஆற்றில் சமன் மீன் பிடித்து வாழ்ந்த யக்கிமா, உமற்றில்லா, வோர்ம் ஸ்பிறிங்ஸ், நெஸ் பேர்ஸ் மக்களுக்கு 1855 ஒப்பந்தங்கள் மீன்பிடி உரிமையை உறுதிசெய்தன. பொன்வில் அணை அவர்களுடைய பல துறைகளை மூழ்கடித்தது. வீதி முடியும் த டால்ஸ் நகருக்குக் கிழக்கே, பல்லாயிரம் ஆண்டு மீன்பிடித் தலமான செலிலோ நீர்வீழ்ச்சி 1957இல் மற்றோர் அணையின் நீருக்குள் போயிற்று. கற்பாலத்தை மீட்கலாம், செலிலோவை இதுவரை எவரும் மீட்கவில்லை.

மிச்சல் பொயின்றில் பழைய சுரங்கம் இருந்த பாறையே இல்லாததால், மலைக்குள் இன்னும் தள்ளிப் புதிய சுரங்கம் குடையப்பட்டது. நீளம் 655 அடி. ஆற்றைப் பார்க்கப் பழையபடி ஐந்து வளைவுச் சாளரங்கள். தகர்க்கப்பட்டு ஐம்பத்தொன்பது ஆண்டுகளின் பின், 2025இல் அது நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறக்கப்பட்டது. மேற்கே ட்றவுட்டேலிலிருந்து த டால்ஸ் வரையான 73 மைலில் இனி இணைக்கவேண்டியது அங்கிருந்து ஹூட் றிவர் பக்கமாக உள்ள சில மைல்கள். அவ்விடைவெளியில் சைக்கிளில் வருபவர்கள் அதிவேக வீதியின் ஓரத்தில், லொறிகளின் காற்று அடிக்க, ஓடித்தான் கடக்க வேண்டியிருக்கிறது.