தண்ணீரில் நின்றும் தாகம்

ஜாடி நிறையத் தண்ணீர் இருக்கும். அதில் நிற்கும் ரோஜா மட்டும் இரண்டே நாளில் கழுத்து ஒடிந்து தொங்கும். இதழ் உதிர்ந்திருக்காது, நிறமும் மங்கியிருக்காது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது அது.

செடியிலிருந்து வெட்டியதும் பூ இறந்துவிடுவதில்லை. இலைகளிலிருந்தும் இதழ்களிலிருந்தும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்புதான் தண்டின் நுண்குழாய்களில் உள்ள நீரை மேலே இழுக்கிறது. வேறு பம்ப் கிடையாது. குழாய்க்குள் நீர் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருப்பதால், கத்தரி பட்ட கணத்தில் அது சட்டென்று உள்வாங்கும். வெட்டுவாயில் காற்று புகுந்துவிடும். அதன்பின் அந்தக் குழாயில் நீரோட்டம் அறுந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியை நீருக்குள் பிடித்தபடி இரண்டு மூன்று செ.மீ. நறுக்கச் சொல்வது, காற்று அடைத்த துண்டைக் கழிக்கத்தான். தலை சாய்ந்த ரோஜாவையும் இப்படி நறுக்கி, அகலமான பாத்திரத்து நீரில் முழுதாகப் படுக்க வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

சாய்வாக வெட்டினால் பூ அதிகம் நீர் குடிக்கும் என்பார்கள். எப்படி வெட்டினாலும் குழாய்களின் எண்ணிக்கை அதேதானே! தண்டு ஜாடியின் அடியில் தட்டையாக உட்கார்ந்து வாயை அடைத்துக்கொள்ளாது. சாய்வெட்டின் லாபம் அவ்வளவுதான்.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. நீரில் மூழ்கிய இலைகள் அழுக, அதைத் தின்று பெருகும் பாக்டீரியா தன் வழவழப்பால் குழாய்களை அடைக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே இலை இருக்கக் கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான். வெறும் சர்க்கரை போடுவது அரைகுறை வைத்தியம். பூவுக்கு எவ்வளவு உணவோ அவ்வளவு பாக்டீரியாவுக்கும் உணவு. கடையில் விற்கும் பூ உணவுப் பொட்டலத்தில் சர்க்கரையோடு அமிலமும் கிருமிக்கொல்லியும் கலந்திருக்கும். கிருமியைத் தடுக்கும் என்று செப்புக்காசு போடும் பழக்கமும் சில நாடுகளில் உண்டு. நம் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. போட்டால் காசு குளிக்கும், அவ்வளவே.

இத்தனையும் செய்த பிறகும் கார்னேஷன் ஏமாற்றும். நீலகிரியின் பசுமைக்குடில்களில் வளரும் இந்தப் பூவை, பழுத்த வாழைப்பழங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் தாராளமாக இருந்தாலும் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொள்ளும். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயுதான் காரணம். அமெரிக்காவில் விளக்கெரிக்கக் குழாயில் வந்த, எத்திலீனும் கலந்த வாயு கசிந்து பசுமைக்குடில்களில் கார்னேஷன்கள் பாழான காலத்தில், சிகாகோவின் வில்லியம் குரோக்கரும் லீ நைட்டும் இதை ஆராய்ந்து 1908இல் எழுதினார்கள். 20 லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு எத்திலீன். 12 மணி நேரத்தில் விரிந்த பூ மூடிக்கொண்டது.

அழிக்கும் வாயுவுக்கு இவ்வளவு கூர்மையாகக் காது கொடுக்கும் ஏற்பாடு பூவுக்கு எதற்கு? ஃபலனோப்சிஸ் ஆர்க்கிட் விடை சொல்கிறது. மகரந்தம் சேராதவரை அதன் பூ வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட விரிந்தே இருக்கும். மகரந்தம் சேர்ந்துவிட்டால் பூ தானே எத்திலீனைச் சுரந்து சில நாளில் வதங்கிவிடும். வந்த வேலை முடிந்தது. இதழுக்குச் செலவழித்த சத்தும் நீரும் இனிக் காய்க்கு. கார்னேஷனின் தற்கொலையும் இதே வழியில்தான். பூவியாபாரத்தில் அதற்கு வெள்ளி தயோசல்பேட் கரைசலைக் குடிக்கக் கொடுப்பதுண்டு. எத்திலீனைப் பிடிக்கும் புரதத்தில் செம்பு இருக்கும் இடத்தை வெள்ளி பிடித்துக்கொள்ள, செய்தி பூவுக்கு எட்டுவதில்லை.

உயிருள்ளதால் அலங்காரமும் வைத்தபடி நிற்பதில்லை. டியூலிப் ஜாடியிலும் சில செ.மீ. நீளும். கிளாடியோலஸைப் படுக்கவைத்தால் புவியீர்ப்பை உணர்ந்து நுனி மேலே வளைகிறது. அதனால் பெட்டியிலும் அதை நிமிர்த்தியே அனுப்புவார்கள். கிடையாகச் செருகத்தான் வேண்டும் என்றால், நுனி மொட்டுகளை முதலில் கிள்ளிவிடுங்கள், வளைவு குறையும்.