பனிமலைப் பாதையும் சக்கரத்தின் பிடிப்பும்

ஆஸ்திரிய நாட்டின் ஆர்ல்பெர்க் கணவாயில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், புனித கிறிஸ்தோபரின் பெயர் தாங்கிய சிற்றூர் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அக்கணவாயைக் கடக்க முயன்று பனியில் விறைத்து மாண்டோரின் உடல்கள் அடிவாரத்திற்குச் சுமந்துவரப்படுவதைக் கண்டு மனம் பொறாத ஹைன்ரிஹ் ஃபிண்டல்கிண்ட் என்னும் அநாதை இடையர், தாம் ஊழியம் செய்து சேர்த்த காசைக் கொண்டு 1386ஆம் ஆண்டில் அங்கே வழிப்போக்கர் சத்திரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அந்த மலைக்கு இன்று மக்கள் சாவுக்கு அஞ்சியபடி செல்வதில்லை. பனிச்சறுக்கு விளையாட மகிழ்ச்சியோடு காரில் செல்கின்றனர். மலையும் பனியும் மட்டும் மாறவில்லை.

நம் பங்குகளிலிருந்து ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள பிள்ளைகள் பலர். நண்பர்களோடு சேர்ந்து ம்யூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்படுவது அவர்களுக்கு இப்போது இயல்பாகிவிட்டது. நம் ஊரில் டயர் என்றால் பஞ்சரும் மொட்டையும்தாம் கவலை. அங்கே கவலை வேறு. பெற்றோர் இதனை வாசித்துப் பிள்ளைகளுக்கு எழுதுவார்களாக.

கோடைக்கால டயரின் ரப்பர் வெப்பத்திற்கென்றே செய்யப்பட்டது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைவதை நாம் காண்கிறோம் அன்றோ? அதுபோல, வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க, அந்த ரப்பர் இறுகித் தரையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரிலோ இயற்கை ரப்பரும் சிலிக்காவும் மிகுதியாகச் சேர்க்கப்படுவதால், கடுங்குளிரிலும் அது நெகிழ்ந்தே இருக்கும். அதன் பட்டன்களின் மேல் கத்தியால் கீறினாற்போன்ற மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் பனி அடைந்துகொள்வதும் குறையன்று. பனி பனியோடு ஒட்டும் இயல்புடையதாகையால், அவ்வாறு அடைந்த பனியே பாதையைப் பற்றிக்கொள்ள உதவுகிறது.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பனியில் ஓட்டிச் சோதிக்கப்பட்ட டயருக்கே அக்குறி கிடைக்கும். 'எம் + எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் உள்ள டயரை, 2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மானியச் சட்டம் குளிர்கால டயராக ஏற்பதில்லை. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பாதையில் பனியோ உறைபனியோ இருக்குமாயின் குளிர்கால டயர் கட்டாயம். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால், அங்கே அது குளிர்கால டயராகவே கருதப்படுவதில்லை. ஜெர்மனியில் சட்டம் 1.6 மில்லிமீட்டரோடு நிறைவடைகிறது. பனிமலைக்குச் செல்பவர் அதனை நம்பலாகாது. ஆழத்தை அளக்க எளிய வழி உண்டு. இரண்டு யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பாருங்கள். அதன் வெள்ளிநிற விளிம்பு முழுதும் மறைந்தால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உண்டு என்று கொள்ளலாம்.

முன்சக்கரம் இரண்டிற்கு மட்டும் நல்ல டயர் போட்டால் போதும் என்பார் சிலர். இது சிக்கனமன்று, ஆபத்து. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் முன்புறம் பாதையைப் பற்றிக்கொள்ள, பின்புறம் வழுக்கிச் சுழன்று எதிரே வருவோர் மீது கார் பாயும். நான்கும் ஒருங்கே மாற்றப்படல் வேண்டும்.

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். ஆதலால் புறப்படும் நாள் காலையில், சக்கரம் சூடேறும் முன்னரே காற்றைச் சோதிக்க வேண்டும். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறும்போது, கதவோரச் சீட்டில் முழுச் சுமைக்கென்று குறித்துள்ள அளவே சரி. வாடகைக் காராயின், பதிவு செய்யும்போதே மலைக்குறியுள்ள டயர் உண்டா என்று கேட்டு எழுத்தில் பெறுவது நன்று. குளிர்காலமாகையால் தாமே பொருத்தியிருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இனிச் சங்கிலி. நீலநிற வட்டப் பலகையில் சங்கிலி பூட்டிய சக்கரம் காணப்பட்டால், டயர் எத்துணை சிறந்ததாயினும் சங்கிலி இன்றி மேலே செல்ல அனுமதியில்லை. டயரின் அளவுக்குப் பொருந்தும் சங்கிலியையே வாங்கி, எஞ்சின் இயக்கும் சக்கரங்களில் பூட்ட வேண்டும். ஏற்றத்தில் சிக்கிய பின்னர் அன்று. ஏற்றம் தொடங்குமுன் சமதளத்தில் ஒதுங்கிப் பூட்டுக. சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்குக. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பனியற்ற பாதை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இதனை வீட்டு முற்றத்தில் பகலொளியில் ஒருமுறையேனும் பழகிக்கொள்ளல் இன்றியமையாதது. கையுறையும், முழங்காலிட ஒரு பழைய பாயும் காரில் இருக்கட்டும். கோயிலில் முழங்காலிடத் தயங்கும் இளைஞரும் அங்கே நெடுநேரம் முழங்காலிட வேண்டிவரும்!

காரில் புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தைத் தொங்கவிட்டு, தேய்ந்த டயரோடு மலையேறுவோரைப் பற்றி என்ன சொல்வது? பரிந்துரை வேண்டுவது நன்று. இறைவனைச் சோதிப்பது நன்றன்று. 2007இல் உரோமைத் திருப்பீடம் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டுதல்களில் வாகனம் ஓட்டுவோருக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதே என்பது. குடிவெறியாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் பெருங்குற்றம் புரிவதாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் கூறுகிறது. மொட்டை டயரைத் தெரிந்தே ஓட்டுபவரும் அந்த எண்ணைப் புரட்டிப் பார்க்கலாம்.

டயரை எப்போது மாற்றுவது? 'ஓ முதல் ஓ வரை' என்பது ஜெர்மானியரின் வழக்கு. அவர்கள் மொழியில் அக்டோபரும் உயிர்ப்புப் பெருவிழாவும் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றன. ஆனால் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் வரக்கூடும். 2024இல் அது மார்ச் 31 அன்றே வந்தது. ஆஸ்திரியச் சட்டத்தின் காலம் முடிய இன்னும் 15 நாள் இருந்தது. எனவே பாஸ்கா விடுமுறையில் மலைக்குச் செல்வோர் திரும்பிய பின்னரே கோடை டயரைப் பூட்டுவது நலம். கழற்றிய டயர் ஒவ்வொன்றிலும் அது எந்தச் சக்கரத்தினது என்று சுண்ணக்கட்டியால் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டால், அடுத்த அக்டோபரில் வேலை எளிது.