முதலாளியின் தலைக்குள் இருக்கும் கணக்கு: தோல் தொழிலும் இ.ஆர்.பி. மென்பொருளும்

அண்ணன், தம்பி இருவர் கூட்டாக நடத்திவந்த டேனரி அது. அண்ணன் வஃபாத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பாகப்பிரிவினைப் பேச்சு ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தது. மார்க்கச் சட்டம் சொல்வதற்காக நம்மையும் அழைத்திருந்தார்கள். அண்ணனின் பிள்ளைகள் தங்கள் தந்தையின் பங்கைக் கேட்டார்கள். தம்பி கொடுக்க மறுக்கவில்லை. "ஹஜ்ரத், கொடுக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன். எவ்வளவுன்னு எனக்கே தெரியலையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மேசைமேல் மூன்று கணக்குகள் இருந்தன. பச்சைத் தோல் வாங்கிய நோட்டு ஒன்று. வெளி ஆட்களிடம் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய தோலின் நோட்டு இன்னொன்று. மூன்றாவது, ஆடிட்டருக்காக டேலியில் ஏற்றிய கணக்கின் பிரிண்ட். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டிரம்முக்குள் எத்தனை தோல், ஷெட்டில் எத்தனை, யாரிடம் எத்தனை சதுர அடி நிற்கிறது என்பதெல்லாம் இறந்துபோனவரின் தலைக்குள் இருந்தன. அது அவரோடு கப்ருக்குப் போய்விட்டது.

கூடியிருந்தவர்களில் ஒரு பட்டதாரி இளைஞர், "இ.ஆர்.பி. போட்டிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால்தான் பணம் வீணாகாது. மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு கல்லூரியில் பி.ஏ. முடித்த நமக்கு மென்பொருளோடு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பங்குத் தகராறும் ஸகாத் கணக்கும் ஆலிம்களிடம்தான் வருகின்றன. இரண்டுமே சரக்கு இருப்பு தெரியாமல் தீராதவை. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இதைப் போட்டு நடத்துகிறவர்களிடமும், போட்டுவிட்டுக் கைவிட்டவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இ.ஆர்.பி. என்பது ஒரு நிறுவனத்தின் வளங்களைத் திட்டமிடும் மென்பொருள். பெயர் பெரிது, அடிப்படை எளிது. கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய எல்லாப் பிரிவுகளும் ஒரே தரவுத்தளத்தில் எழுதுவதும் அதிலிருந்தே படிப்பதும்தான் அது. கேட்டில் சரக்கு இறங்கும்போது ஒருவர் ஒருமுறை பதிவு செய்தால் போதும். ஸ்டோரில் இருப்பு கூடும், வியாபாரிக்குத் தரவேண்டிய கடன் ஏறும், உற்பத்தி மேலாளருக்குச் சரக்கு வந்த செய்தி தெரியும். டேலி போன்ற கணக்கு மென்பொருளிலும் இருப்பு வைக்கலாம், உற்பத்திப் பதிவுகூடப் போடலாம். ஆனால் நம்மவர்களில் பலர் அதை பில் போடவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் மட்டும் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையை வேறு நோட்டில் நடத்துகிறார்கள்.

இதன் வேர் பழையது. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஆர்லிக்கி, எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்பதைக் கணினியால் கணக்கிடும் முறையை உருவாக்கினார். 1972இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் சாப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இ.ஆர்.பி. என்ற பெயரை 1990இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது.

ஆர்லிக்கியின் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு ஷூ கம்பெனியை வைத்துப் பார்ப்போம். 2,400 ஜோடிக்கு ஆர்டர் வருகிறது, 60ஆம் நாள் கப்பலேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடியின் மேல் தோலுக்கு 2 சதுர அடி, ஆகமொத்தம் 4,800. வெட்டும்போது போகும் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 5,280. ஸ்டோரில் 3,000 சதுர அடி இருக்கிறது. "இருக்கே, பாதிக்கு மேல இருக்கே" என்று முதலாளி நிம்மதியாகிவிடுவார். ஆனால் அதில் 1,200 சதுர அடி வேறொரு ஆர்டருக்கு ஒதுக்கப்பட்டது. உண்மையில் கையில் உள்ளது 1,800, வாங்கவேண்டியது 3,480. கட்டிங், தையல், லாஸ்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 20 நாள், டேனரி தோல் தருவதற்கு 25 நாள் என்றால், 15ஆம் நாளுக்குள் தோலுக்கு ஆர்டர் போட்டாக வேண்டும். சோல், லைனிங், நூல், பெட்டி ஒவ்வொன்றுக்கும் இப்படியே. ஒரே நேரத்தில் முப்பது ஆர்டர் ஓடும் இடத்தில் இதை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. முடிகிறது என்று சொல்பவர் கடைசி வாரத்தில் விமானத்தில் சரக்கு அனுப்பி லாபத்தைத் தொலைப்பவராக இருப்பார்.

டேனரியின் கதை வேறு. இங்கேதான் பலருடைய முயற்சி தடுக்கி விழுகிறது. ஷூ என்பது பல பொருள்கள் சேர்ந்து ஒன்றாவது. அதன் பொருள் பட்டியலை எந்த இ.ஆர்.பி.யிலும் எளிதாக எழுதலாம். டேனரியிலோ ஒன்று பலவாகப் பிரிகிறது. ஒரு லாட்டில் 1,000 ஆட்டுத் தோல் உள்ளே போகிறது. வெளியே வரும்போது 620 முதல் தரம், 270 இரண்டாம் தரம், 90 மூன்றாம் தரம், 20 கழிவு என்று வரலாம். அடுத்த லாட்டில் இந்தப் பிரிவே மாறிவிடும், ஏனென்றால் ஆட்டின் தோலில் முள் கீறியிருப்பதும் உண்ணி கடித்திருப்பதும் சுண்ணாம்புக் குழியைத் தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தோலை வாங்குவது எண்ணிக்கையில், ரசாயனம் போடுவது எடையின் சதவீதத்தில், விற்பது சதுர அடியில். அந்த எடையும் கட்டத்துக்குக் கட்டம் மாறும்: ஊறவைக்கும்போது ஓர் எடை, சுண்ணாம்பு நீங்கிய பிறகு ஓர் எடை, வெட் புளூவைச் சீவிய பிறகு இன்னோர் எடை. ஒரே சரக்கை எண்ணிக்கை, எடை, சதுர அடி மூன்றிலும் ஒருசேரப் பிடித்துவைக்கத் தெரியாத மென்பொருளை டேனரிக்கு வாங்குவது ஆளின் அளவு பார்க்காமல் சட்டை தைப்பது போன்றது. விற்க வருபவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

அடக்கவிலையும் இதோடு சேர்ந்தது. மூன்று தரத்துக்கும் சதுர அடிக்கு ஒரே அடக்கத்தை மென்பொருள் போட்டுவிட்டால், முதல் தரத்தில் கொள்ளை லாபமும் மூன்றாம் தரத்தில் நஷ்டமும் காட்டும். அதை நம்பி மூன்றாம் தரம் எடுப்பவருக்கு விலையை ஏற்றிவிட்டு வாடிக்கையை இழந்த ஒருவரை நமக்குத் தெரியும். அவை மூன்றும் ஒரே லாட்டின் பிள்ளைகள். லாட்டின் மொத்தச் செலவை அந்தந்தத் தரத்தின் விற்பனை மதிப்புக்கு ஏற்றபடி பிரித்துப்போட வேண்டும்.

லாட் எண்ணின் இன்னொரு பயன், சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியாக இருப்பது. வெளிநாட்டு பிராண்டுகள் பல, தங்களுக்குத் தோல் தரும் ஆலைகளிடம் லெதர் ஒர்க்கிங் குரூப் அமைப்பின் சான்றை எதிர்பார்க்கின்றன. அந்தத் தணிக்கையில் தண்ணீர், ரசாயனம், கழிவு ஆகியவற்றோடு தோலின் மூலத்தைப் பின்தொடர முடிகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. தணிக்கையாளர் வரும் வாரத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது எந்த வகையில் சேரும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். சீவுவதற்கு ஒரு ஷெட், பெயின்ட் அடிக்க இன்னொரு ஷெட் என்று தோல் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு வரி இல்லாமல் அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே முறைப்படி விற்கப்பட வேண்டும். தவறினால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்பார்கள். ஐ.டி.சி-04 படிவத்தில் இந்த விவரத்தைக் காட்டவும் வேண்டும். எந்தச் சலானில் போன தோல் எந்தச் சலானில் திரும்பியது, மீதி எத்தனை என்பதை நோட்டில் தேடுவது பெரும்பாடு. இ.ஆர்.பி.யில் இது ஒரு பட்டியல்தான். மேலே பார்த்த சகோதரர்களின் வழக்கில் அதிகம் சிக்கியது இந்தச் சரக்குதான். மூன்று ஷெட்காரர்களில் ஒருவர், "திருப்பிக் கொடுத்துட்டேனே பாய்" என்றார். மறுக்க யாரிடமும் காகிதம் இல்லை.

இனி, அந்த இளைஞர் சொல்லாத மீதிப் பாதி. மென்பொருள் வாங்கினால் கணக்கு வந்துவிடாது. அமெரிக்காவின் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 1999 ஜூலையில் புதிய அமைப்புக்கு மாறியது. அக்டோபரில் வரும் ஹாலோவீன்தான் அவர்களுக்குப் பெரிய விற்பனைக் காலம். கிடங்கில் சரக்கு இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போனது. சீசன் நேரத்தில் அவசரப்பட்டு மாறியது முக்கியக் காரணம். பிறகு எழுதப்பட்ட அலசல்களில் இன்னொரு காரணமும் வந்தது: நெரிசல் காலத்தில் ஊழியர்கள் சரக்கை அடுக்கிவைத்த சில தற்காலிக இடங்கள் கணினியில் பதியப்படவே இல்லை. ஊழியர்களுக்கு அந்த இடங்கள் தெரியும், கணினிக்குத் தெரியாது.

நம் ஊர் டேனரிகளில் இப்படிப்பட்ட 'தெரிந்த இடங்கள்' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பின்கட்டு, மச்சானின் குடோன், பழைய ஷெட்டின் மூலை.

தோற்றுப்போனவர்களிடம் பேசியதில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு பழக்கத்தைத்தான். தோல் நகரும்போது பதியாமல், துண்டுச் சீட்டில் குறித்துவைத்து மாலையில் மொத்தமாக ஏற்றுவது. ஒரு மாலை விடுபடும், பிறகு ஒரு வாரம் விடுபடும். மூன்றாம் மாதம் கணினி காட்டும் இருப்பை யாரும் நம்ப மாட்டார்கள். பழைய நோட்டு இழுப்பறையிலிருந்து வெளியே வரும். அதன்பின் அத்தனை பணம் கொட்டிய மென்பொருள் பில் அடிக்கும் இயந்திரம்தான். இந்த ஒழுங்கை முதலில் உடைப்பவர் பெரும்பாலும் ஸ்டோர் ஆள் அல்லர், முதலாளிதான். தெரிந்தவர் வந்து நிற்பார். "ஐம்பது தோல் குடுத்தனுப்பு, பில்லு அப்புறம் போட்டுக்கலாம்" என்பார் முதலாளி. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் ஆயத்துதான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதை ஜும்ஆ மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். சின்னக் கடனென்று சலித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே வருகிறது.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறையாவது ஷெட்டில் இறங்கி எண்ணிப் பார்த்து, கணினியோடு ஒப்பிடாமல் இருக்கக் கூடாது. முழுச் சரக்கையும் எண்ண முடியாவிட்டால் வாரம் ஒரு ரகம் என்று சுழற்சியில் எண்ணலாம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. ஸ்கிரீனில் தெரியும் எண் மேல்பரப்புதான்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பெரிய நிறுவனங்களின் மென்பொருளும் உண்டு, மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருளும் உண்டு. பின்னதற்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் டேனரிக்கு ஏற்ப மாற்றி எழுதுவதற்கும், ஆட்களைப் பழக்குவதற்கும், ஆண்டுதோறும் பராமரிப்பதற்கும் செலவு உண்டு. அதைக் கேட்காமல் 'இலவசம்' என்று இறங்கியவர்கள் நடுவில் நிற்கிறார்கள். சீசன் இல்லாத மாதத்தில், ஸ்டோரையும் ஜாப் ஒர்க்கையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. முப்பது வருடம் நோட்டு எழுதிய ஸ்டோர்காரரை ஒதுக்கிவிட்டுப் புதுப் பையனை உட்காரவைக்காதீர்கள். தோலைத் தொட்டதும் தரம் சொல்பவர் அவர்தான்.

ஸகாத்தைப் பற்றி ஒரு செய்தி. வருடம் நிறைவாகும் நாளில் விற்பனைக்கான சரக்கும் அதற்கான மூலப்பொருளும் கணக்கில் வரும். டிரம், இயந்திரம், கட்டடம் வராது. ரசாயனம்? ஹனஃபி சட்ட நூலான ஃபதாவா ஹிந்திய்யாவில் தோல் பதனிடுபவரையே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். பதனிடுவதற்காக வாங்கும் கடுக்காய் போன்ற பொருளும் கொழுப்பும் தோலில் தங்குவதால் அவற்றுக்கு ஸகாத் உண்டு. சோப்புப் போலக் கழுவியதும் போய்விடுவதற்கு இல்லை. அப்படிப் பார்த்தால் குரோமும் சாயமும் முதல் வகை. டிரம்மைக் கழுவும் பொருள் இரண்டாம் வகை. மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் விவரம் பதியும் பக்கத்தில் இதற்கென ஒரு குறி சேர்த்துவிட்டால், ரமளானில் ஸ்டோர் முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

சகோதரர்களின் வழக்கைச் சொல்லாமல் விட்டோம். பங்காளிகளில் ஒருவர் இறந்ததுமே கூட்டு முறிந்துவிடுகிறது என்பது நம் மத்ஹபின் சட்டம். ஆகவே கணக்கிடவேண்டியது அவர் இறந்த நாளின் இருப்பை. ஒழுங்காகப் பதிந்த அமைப்பில் அந்தத் தேதியைக் கொடுத்தாலே அன்றைய இருப்பு வந்துவிடும். இங்கே அது இல்லாததால், இரு தரப்பிலும் இருவர் வீதம் நான்கு பேர் ஷெட்டில் இறங்கி ஆறு நாள் எண்ணினார்கள். அதற்குப்பின் வந்ததையும் போனதையும் பில்களை வைத்துக் கூட்டிக் கழித்தார்கள். ஜாப் ஒர்க் தோலில் ஒரு பகுதியை இரு தரப்பும் சம்மதித்து விட்டுக்கொடுத்தார்கள். பட்டியலில் அனைவரும் கையெழுத்திட்டார்கள். டேனரியைப் பிரிக்காமல் சித்தப்பாவும் அண்ணன் பிள்ளைகளும் புதிதாகக் கூட்டு எழுதிக்கொண்டார்கள். மூத்த பிள்ளை இப்போது இ.ஆர்.பி. ஏற்றும் வேலையில் இருக்கிறார். தொடக்க இருப்பாக அவர் பதிந்திருப்பது அந்த ஆறு நாள் எண்ணிக்கையைத்தான்.